ஏழை லேப்டாப்பிலும் பாட்டுப் பதியலாம்!

வடாலா, அண்டாப்ஹில், சயான் கோலிவாடா, தாராவி ஆகிய பகுதிகளில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். தாத்தா வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து ஊர்ப் பாட்டுப் பாடினார். அப்பா டேப் ரிக்கார்டரில் சினிமாப் பாட்டுக் கேட்டார். பேரப் பிள்ளைகளின் ஆசை வேறு. தாமே பாட்டு எழுதவேண்டும், தாமே பாடவேண்டும், அதைப் பதிவு செய்து நாலு பேர் கேட்கும்படி செய்யவேண்டும் என்கிறார்கள்.

ஆசை இருக்கிறது. குரலும் இருக்கிறது. குறுக்கே நிற்பது லேப்டாப்.

அந்த லேப்டாப் எப்படிப்பட்டது? லாமிங்டன் ரோடில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாக இருக்கும். அல்லது 2011-ம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ஊரில் தம்பிக்கோ தங்கைக்கோ கிடைத்ததாக இருக்கும். ரேம் எனப்படும் நினைவகம் 2 ஜி.பி. அல்லது 4 ஜி.பி. இருக்கும். நாலு ஜன்னலைத் திறந்தால் ஐந்தாவது ஜன்னல் திறக்காது.

இதைக் கொண்டுபோய்க் கடையில் காட்டினால், "இதிலே ரிக்கார்டிங் எல்லாம் நடக்காது தம்பி. புதுசு எடுத்துக்கோ. மாதத் தவணை போட்டுத் தருகிறேன்" என்பார் கடைக்காரர். ஒரு குமாஸ்தாவின் வீட்டில் மாதத் தவணை என்றால் என்ன என்பதைச் சொல்லவேண்டியது இல்லை.

கடன் வாங்கித்தான் பாடவேண்டுமா? வேண்டியதில்லை. இருக்கிற லேப்டாப் போதும். ஆனால் அதன் பலத்துக்கு ஏற்ற சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கத் தெரியவேண்டும்.

குர்லாவில் நடந்தது

வடாலா ரோடு ஸ்டேஷனில் இருந்து ஹார்பர் லைனில் மூன்றாவது ஸ்டேஷன் குர்லா. அங்கே வளர்ந்தவர் நவேத் ஷேக். 'நேஸி' என்ற பெயரில் ராப் பாடுகிறவர். 2014-ம் ஆண்டு 'ஆஃபத்' என்ற பாட்டை வெளியிட்டார். அதற்கு ஸ்டூடியோவை வாடகைக்கு எடுக்கவில்லை. பெரிய கம்ப்யூட்டரும் வைத்திருக்கவில்லை. அவர் கையில் இருந்தது ஓர் ஐபேட். அதில் மைக்கைச் செருகிப் பாடினார். படமும் அந்த ஐபேடிலேயே பிடிக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 2014-ம் ஆண்டு தொடக்கம் வரை விற்பனைக்கு வந்த எந்த ஐபேடிலும் ரேம் 1 ஜி.பி.க்கு மேல் கிடையாது. இன்று 'மட்டமானது' என்று ஒதுக்கப்படும் லேப்டாப்பில் அதைவிட அதிகம் இருக்கிறது! நேஸி, டிவைன் ஆகிய இரு பாடகர்களின் வாழ்க்கையைத் தழுவித்தான் 2019-ல் ஜோயா அக்தர் 'கல்லி பாய்' படத்தை எடுத்தார்.

தாராவியிலும் இப்படிப்பட்ட குழுக்கள் பல தோன்றின. அவற்றில் தமிழில் ராப் பாடும் பிள்ளைகளும் உண்டு. 2018-ல் ரஜினிகாந்த் நடித்து, பா.ரஞ்சித் இயக்கி வெளிவந்த 'காலா' தாராவிக் கதை. சந்தோஷ் நாராயணன் இசை அமைத்த அந்தப் படத்தில், தாராவியைச் சேர்ந்த 'டோப்பாடெலிக்ஸ்' குழுவினரின் குரல் இடம் பெற்றது.

பதிவு செய்வது கனமான வேலையா?

பாட்டுப் பதிவில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் போவதுதான் பலருடைய சிக்கல்.

முதல் வேலை, மைக்கில் வரும் குரலை எழுதிவைப்பது. கம்ப்யூட்டர் அதை எப்படிச் செய்கிறது? ஒரு வினாடியில் 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்குக்கு வகுத்த கணக்கு இது. 16 பிட் அளவில் பதிந்தால் ஓர் எண்ணுக்கு 2 பைட் இடம். ஆகவே ஒரு வினாடிக்கு 88,200 பைட். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5.3 மெகாபைட்.

நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு குரல் என்றால் 21 மெகாபைட். எட்டுக் குரல் சேர்த்தாலும் 170 மெகாபைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண வீடியோக்கள் இதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும்! எட்டுக் குரலையும் ஒரே சமயத்தில் எழுதினால்கூட வினாடிக்கு ஒரு மெகாபைட் ஆகாது. பத்து வருடப் பழைய ஹார்டு டிஸ்க்குக்கும் இது ஒரு சுமையே அல்ல.

அப்படியானால் லேப்டாப் திணறுவது எதனால்?

இரண்டாவது வேலைதான் காரணம். தபேலா, வயலின், பேஸ் கிட்டார் போன்ற வாத்தியங்களின் ஓசையைக் கம்ப்யூட்டரே உண்டாக்கவேண்டும் என்றால் அந்த வாத்தியத்தின் ஆயிரக்கணக்கான ஒலித் துண்டுகளை நினைவகத்தில் ஏற்றவேண்டும். குரலுக்கு எதிரொலி சேர்ப்பது, சுருதி திருத்துவது போன்றவற்றை 'எபெக்ட்' என்கிறார்கள். பாட்டு ஓடும்போதே அவற்றைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சிறிய மூளை இங்கேதான் மூச்சு வாங்குகிறது. பாட்டு நடுவில் 'டக், டக்' என்று வெடிக்கிறது. பிறகு நின்றே போய்விடுகிறது.

ஆக, குரலைப் பதிவதற்குப் புதிய லேப்டாப் தேவை இல்லை. இரண்டாவது வேலையை அளவோடு வைத்துக்கொண்டால் போதும்.

நான்கு டிராக்கில் பீட்டில்ஸ்

இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967-ல் 'சார்ஜண்ட் பெப்பர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற தட்டு அது. லண்டன் ஸ்டூடியோவில் அதைப் பதிந்த மெஷினில் இருந்தவை நான்கே டிராக்குகள். நான்கும் நிரம்பியதும் என்ன செய்தார்கள்? நான்கையும் கலந்து இன்னொரு மெஷினில் ஒரே டிராக்காக இறக்கினார்கள். அதில் மீதி மூன்று டிராக்குகள் காலியாகக் கிடைத்தன. அவற்றில் மேலும் பதிந்தார்கள்.

பதினைந்து வருடம் கழித்து, 1982-ல், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' வீட்டிலேயே நான்கு டிராக் காசெட் மெஷினில் பதிவானது.

லேப்டாப்பிலும் இதே தந்திரம் செல்லும். தாளத்தை அமைத்து முடித்ததும், அதைச் சாதாரண ஒலி பைலாக மாற்றிவிடவேண்டும். இதற்கு 'ப்ரீஸ்' என்று பெயர். உறைய வைப்பது என்று பொருள். உறைந்த பிறகு கம்ப்யூட்டர் வாத்தியத்தை வாசிக்க வேண்டியதில்லை. பதிந்ததை ஓட்டினால் போதும். எனவே, சாப்ட்வேர் வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: "இதில் ப்ரீஸ் உண்டா?"

எந்த சாப்ட்வேர்?

ஆடாசிட்டி: அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-ம் ஆண்டு வெளிவந்தது. முழுக்க இலவசம். ஒரு குரலைப் பதிவது, வேண்டாத இடத்தை வெட்டுவது, இரைச்சலைக் குறைப்பது, இரண்டு மூன்று டிராக்குகளை அடுக்குவது ஆகியவற்றுக்கு இது போதும். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். தாளமும் வாத்தியமும் கம்ப்யூட்டரிலேயே அமைக்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

ரீப்பர்: 'வின்ஆம்ப்' ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர் சென்டர்களில் எம்.பி.3 பாட்டுக் கேட்ட அந்த சாப்ட்வேரை எழுதிய ஜஸ்டின் பிராங்கல் என்பவரின் நிறுவனம் உருவாக்கியது இது. 2006-ல் முதல் பதிப்பு முழுமை பெற்றது. மற்ற பெரிய சாப்ட்வேர்கள் நூற்றுக்கணக்கான மெகாபைட் இடம் கேட்கும்போது, இதை இறக்க சில பத்து மெகாபைட்கூட முழுதாகத் தேவைப்படாது. பழைய லேப்டாப்பிலும் சளைக்காமல் ஓடும். ப்ரீஸ் வசதி உண்டு. எந்த டிராக் கம்ப்யூட்டரை எவ்வளவு வாட்டுகிறது என்று காட்டும் மீட்டரும் உண்டு. 60 நாள் எல்லா வசதியுடனும் இலவசமாகப் பழகலாம். பிறகு தனி நபருக்குச் சலுகை விலை 60 டாலர். இதில் ஒரு குறை: வாத்தியங்கள் அதிகமாகக் கூட வராது. தனியாகத் தேடிச் சேர்க்கவேண்டும்.

எல்.எம்.எம்.எஸ்.: இதுவும் இலவசம். தாளம், மெட்டு அமைக்க உதவும். குரல் பதிய இதை நம்பக்கூடாது. இதில் தாளத்தை முடித்து, ஒலி பைலாக எடுத்து, ஆடாசிட்டியிலோ ரீப்பரிலோ வைத்து அதன் மேல் பாடலாம்.

எப்.எல். ஸ்டூடியோ: பெல்ஜியம் நாட்டுத் தயாரிப்பு. 1997-ல் வந்தது. ராப் பாடும் பையன்களிடம் இந்தப் பெயர் பிரபலம். தாளம் அமைக்க அருமையானது. இலவசப் பழகு பதிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. செய்த வேலையைச் சேமிக்கலாம். பணம் கட்டாமல் அதை மறுபடி திறக்க முடியாது. இது தெரியாமல் இரவெல்லாம் கண் விழித்து வேலை செய்துவிட்டுக் காலையில் தலையில் கை வைக்கக்கூடாது. ஒரே அமர்வில் முடித்து ஒலி பைலாக எடுத்துவிடவேண்டும்.

பேண்ட்லேப்: சிங்கப்பூர் நிறுவனத்தின் இலவசச் சேவை. செல்போனிலும் இயங்கும், இணையத்திலும் இயங்கும். லேப்டாப்பே இல்லாதவர்கள் இதில் தொடங்கலாம். இணைய இணைப்பு ஒழுங்காக இருக்கவேண்டும். ஆப்பிள் போனோ ஐபேடோ வைத்திருப்பவர்களுக்குக் 'கேரேஜ்பேண்ட்' இலவசம்.

குரல் ஏன் பிந்தி வருகிறது?

ஹெட்போன் மாட்டிப் பாடும்போது, பாடியவர் குரலே சற்றுப் பிந்தி காதில் விழும். தாளம் தப்பிப் போகும். "லேப்டாப் சரியில்லை" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்குக் காரணம் 'பஃபர்' என்ற தேக்கம். தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தாலும், டிரம்மில் பிடித்து வைத்தால் தடையில்லாமல் செலவழிக்கலாம். டிரம் பெரிதானால் தடை வராது, ஆனால் நிரம்ப நேரமாகும். டிரம் சிறிதானால் உடனே நிரம்பும், ஆனால் அடிக்கடி வற்றும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். பஃபர் 128 என்று வைத்தால் தாமதம் சுமார் 3 மில்லி வினாடி. காதுக்குத் தெரியாது, ஆனால் சிறிய லேப்டாப் வெடிக்கும். 1024 என்று வைத்தால் 23 மில்லி வினாடி. லேப்டாப் நிம்மதியாக ஓடும், காதுக்குப் பிந்துவது தெரியும். போகவும் வரவும் இரு முறை தேங்குவதால் உண்மையில் தாமதம் இன்னும் கூடும்.

என்ன செய்வது? பஃபரைப் பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சாப்ட்வேர் வழியாக உங்கள் குரல் திரும்பி வருவதை நிறுத்திவிடுங்கள். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடித் தாளத்தைக் கேளுங்கள். மற்றக் காதால் உங்கள் குரலை நேராகக் கேட்டுப் பாடுங்கள். சபரிமலை பஜனையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுகிறவர்களைப் பார்த்ததில்லையா? அதே முறைதான். பதிந்த குரல் தாளத்தைவிடச் சற்றுத் தள்ளி நின்றால், அந்த டிராக்கைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிடலாம்.

பணத்தை எதில் போடுவது?

புதிய லேப்டாப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை மைக்கில் போடுங்கள். லேப்டாப்பிலேயே இருக்கும் மைக் அதன் விசிறிச் சத்தத்தைத்தான் முதலில் கேட்கும். சாதாரண யு.எஸ்.பி. மைக், காதை முழுக்க மூடும் ஒரு ஹெட்போன் இரண்டும் போதும்.

அடுத்தது சத்தம். வடாலாவில் ஹார்பர் லைன் ரெயில், பஸ் டிப்போ, லாரிகள் எல்லாம் மைக்குக்குள் நுழையும். மழைக்காலத்தில் தகரக் கூரை மேல் விழும் மழைக்கு எந்த சாப்ட்வேரும் மருந்து இல்லை. கடைசி லோக்கல் போனபிறகு, முதல் லோக்கல் வருமுன் பதிவதே நல்லது. பக்கத்து அறைக்காரரின் தூக்கம் கெடாமல் இருக்கக் கனமான போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பாடலாம். இதனால் அறையின் எதிரொலியும் அடங்கும். விசிறியை நிறுத்துங்கள். 'ங்...' என்று ஓர் ஓசை தொடர்ந்து வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது மற்ற ஜன்னல்களை மூடவேண்டும். வை-பையை நிறுத்தவேண்டும். அளவு 44,100, 24 பிட் என்று வைத்தால் நல்லது. 16 பிட்டைவிட ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். அதற்குப் பதிலாக, தாழ்ந்த குரலும் தெளிவாக விழும். 96,000 என்று ஏற்றுவது வேலையை இரட்டிப்பாக்கும். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மீட்டர் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உஷார்!

"ஐம்பது ரூபாய்க்கு எல்லா சாப்ட்வேரும் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டை உடைத்த சாப்ட்வேருடன் வைரசும் வரும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் லேப்டாப் முழுதாகப் படுத்துவிடும். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது திருட்டுச் சரக்கு எதற்கு?

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. பல பழைய லேப்டாப்புகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதற்காக அவற்றைக் காயலான் கடையில் போடவேண்டாம். இணையத்தைத் துண்டித்து, பாட்டுப் பதிய மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது இலவச லினக்ஸ் போடலாம். ஆடாசிட்டி, ரீப்பர், எல்.எம்.எம்.எஸ். மூன்றும் லினக்சிலும் ஓடும்.

பாட்டியின் பாட்டு

ராப் பாடும் வாலிபர்களுக்கு மட்டும்தான் இது என்று எண்ணவேண்டாம்.

பல வீடுகளில் ஆச்சியோ அப்பத்தாவோ இருக்கிறார்கள். திருநெல்வேலியில் இருந்தும் சேலத்தில் இருந்தும் வட ஆர்க்காட்டில் இருந்தும் வந்தவர்கள். தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றில் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேரனுக்குத் தமிழ் பேச வரும். பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படித்ததால் தமிழ் எழுதப் படிக்க வராத பிள்ளைகள் பலர். எழுதி வைக்க முடியாததைப் பதிவு செய்து வைக்கலாம் அல்லவா?

அதற்குத் தாளம் வேண்டாம், எபெக்ட் வேண்டாம். ஆடாசிட்டியும் ஒரு மைக்கும் போதும். பாட்டியை நடுவில் நிறுத்தித் திருத்தாமல், தோன்றியபடி பாட விடவேண்டும். இருமல் வந்தாலும், "அடுத்த அடி மறந்துபோச்சு ராசா" என்று அவர் சொன்னாலும் அப்படியே இருக்கட்டும். பாடியவர் பெயர், ஊர், எந்தச் சடங்கில் பாடுவது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியவேண்டும். பைலுக்குத் தேதி போட்டு, ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் இன்னொரு பிரதியை ஊரில் இருக்கும் உறவினரிடமும் வைக்கவேண்டும். எம்.பி.3 அனுப்புவதற்கு, பத்திரப்படுத்துவதற்கு 'வேவ்' பைல்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே குரல் என்றால் ஆடாசிட்டி. பல குரல், வாத்தியம், தாளம் என்றால் ரீப்பர். தாளம் மட்டும் அமைக்க எல்.எம்.எம்.எஸ். லேப்டாப்பே இல்லாவிட்டால் செல்போனில் பேண்ட்லேப்.

புதிய லேப்டாப்பை அடுத்த போனஸ் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஆச்சியின் குரல் அதுவரை இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்காருவது நல்லது.